பவுல் ஆட்டத் தகுதி

பவுல் ஆட்டத் தகுதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் காற்பந்தாட்டத்தில், பருவத்தின் முடிவில் நடைபெறும் பவுல் ஆட்டம் ஒன்றில் பங்கேற்பதற்கு ஓர் அணி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளைக் குறிக்கும். பொதுவிதியின்படி ஓர் அணி குறைந்தது 6 வெற்றிகளைப் பெற்றிருக்க வேண்டும். தோல்விகளின் எண்ணிக்கை வெற்றிகளின் எண்ணிக்கையை விஞ்சக்கூடாது. பருவம் ஒன்றில் அணிகள் பெரும்பாலும் 12 ஆட்டங்கள் ஆடுவதால், 6 வெற்றியும் 6 தோல்வியும் (6-6) கண்ட அணி இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. இத்தகைய நடுத்தர அணிகளுக்குப் பருவ முடிவு ஆட்டம் ஒன்றை வழங்குவது முறையா என்பது, பவுல் ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகத் தொடங்கிய காலம் முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. 2015 முதல் 5-7 என்ற கணக்கில் முடித்த அணிகளும் அழைக்கப்பட்டதை அடுத்து இவ்விவாதம் மேலும் வலுப்பெற்றது.

இக்கட்டுரையில் காற்பந்தாட்டம் என்னும் சொல் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தையே குறிக்கும். நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் முன்னேறும் இவ்விளையாட்டு, நம் நாட்டில் கால்பந்து என அறியப்படும் விளையாட்டிலிருந்து வேறானது.

## பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்சிஏஏ) நெறிப்படுத்துகிறது. காற்பந்தாட்டத்தில் அதன் முதல் நிலை இரு உட்பிரிவுகளைக் கொண்டது. மேல் உட்பிரிவு எஃப்பிஎஸ் எனவும், அதற்கு அடுத்தது எஃப்சிஎஸ் எனவும் சுருக்கி அழைக்கப்படுகின்றன. எஃப்சிஎஸ் பிரிவில் வாகையர் யார் என்பது, தோற்றவர் வெளியேறும் முறையிலான போட்டித்தொடர் ஒன்றின் மூலம் முடிவாகிறது. எஃப்பிஎஸ் பிரிவில் நெடுங்காலம் அத்தகைய தொடர் இருக்கவில்லை. அதற்கு மாறாக, வெவ்வேறு நகரங்களின் அமைப்புக்குழுக்கள் தாம் விரும்பிய இரு அணிகளை அழைத்துத் தனித்தனி ஆட்டங்களை நடத்தின. இவையே பவுல் ஆட்டங்கள் ஆகும்.

'பவுல்' என்பது கிண்ணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1922இல் திறக்கப்பட்ட ரோஸ் பவுல் விளையாட்டரங்கம் கிண்ண வடிவில் அமைந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் யேல் பவுல் அரங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு அது கட்டப்பட்டது. அரங்கத்தின் பெயர் அதில் நடந்த ஆட்டத்திற்கும், பின்னர் இவ்வகை ஆட்டங்கள் அனைத்திற்கும் வழங்கலாயிற்று.

தேசிய வாகையர் தொடருக்கு வெளியே உள்ள பவுல் ஆட்டம் ஒரு தொடரின் கட்டம் அன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அதில் வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்வதில்லை. தோற்ற அணி எதையும் இழப்பதில்லை. இக்காரணத்தாலேயே பவுல் ஆட்டம் ஒரு பரிசா, அல்லது வெறும் காட்சி ஆட்டமா என்ற கேள்வி தொடக்கம் முதல் இருந்து வந்துள்ளது.

## வரலாறு

### தொடக்ககாலம்

முதல் பவுல் ஆட்டமாகக் கருதப்படுவது 1902 சனவரி 1 அன்று பாசடீனாவில் ரோசா மலர் விழாவின் ஒரு பகுதியாக நடந்த ஆட்டம் ஆகும். அதில் மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டு அணியை 49-0 என வென்றது. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருக்கையில் ஸ்டான்ஃபோர்டு அணி ஆட்டத்தை முடித்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டது. இவ்வளவு ஒருதலையான ஆட்டம் விழாவிற்கு உகந்ததன்று எனக் கருதிய அமைப்பாளர்கள் அதைக் கைவிட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் தேரோட்டப் பந்தயம் உள்ளிட்ட பிற நிகழ்ச்சிகள் அதன் இடத்தைப் பிடித்தன. 1916இல் காற்பந்தாட்டம் மீண்டும் சேர்க்கப்பட்டு, அன்று முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

1935இல் ஆரஞ்சு பவுல், சுகர் பவுல், சன் பவுல் ஆகியவையும், 1937இல் காட்டன் பவுலும் தொடங்கின. குளிர்காலத்தில் வெப்பமான தென்பகுதி நகரங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதே இவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தது. அதாவது, பவுல் ஆட்டங்கள் சிறந்த அணி எது என்று கண்டறியும் பொருட்டுத் தோன்றியவை அல்ல. விடுதி அறைகளையும் அரங்க இருக்கைகளையும் நிரப்பும் பொருட்டுத் தோன்றியவை.

### அழைப்பு அரிதாக இருந்த காலம்

ஆட்டங்கள் குறைவாக இருந்த காலத்தில் மிகச் சிறந்த அணிகளுக்கும் இடம் கிடைக்காதது உண்டு. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1925ஆம் ஆண்டு ரோஸ் பவுலுக்குப் பின்னர், 1969ஆம் ஆண்டுப் பருவம் வரை பவுல் ஆட்டங்களில் பங்கேற்பதில்லை என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. பிக் டென் கூட்டமைப்பு 1975 வரை தன் உறுப்பு அணிகளுள் ஒன்றை மட்டுமே, அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டுமே, அனுப்பியது. 1973இல் மிச்சிகன் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒகையோ ஸ்டேட் அணியுடன் 10-10 எனச் சமன் செய்து 10-0-1 என்ற கணக்கில் பருவத்தை முடித்தது. கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து ஒகையோ ஸ்டேட் அணியைத் தெரிவு செய்தமையால், மிச்சிகன் வீரர்கள் அவ்வாண்டு எந்தப் பவுல் ஆட்டமும் ஆடவில்லை. 1972 முதல் 1974 வரையான மூன்று பருவங்களில் 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன் எனக் கணக்கு வைத்திருந்தும் அவ்வணிக்கு ஒரு பவுல் அழைப்பும் வாய்க்கவில்லை.

எனினும், தோல்விகள் மிகுந்த அணிகள் பவுல் ஆட்டங்களில் ஆடியது அண்மைக்கால வழக்கம் மட்டுமன்று. 1963ஆம் ஆண்டுப் பருவத்தில் 4-6 என்ற கணக்கில் இருந்த சதர்ன் மெதடிஸ்டு அணி சன் பவுலில் ஆடியது. 1970இல் 5-6 என்ற கணக்கில் தன் கூட்டமைப்பின் வாகையர் ஆன வில்லியம் அண்டு மேரி அணி, டாஞ்சரின் பவுலில் டொலிடோ அணியிடம் 40-12 எனத் தோற்றது. முன்பு இவை விதிவிலக்குகளாக இருந்தன. பின்னர் விதியே இவற்றிற்கு இடமளிக்கும் வகையில் மாறியது.

### பெருக்கம்

தொலைக்காட்சி ஒளிபரப்பும் வணிக நிறுவனங்களின் புரவலுதவியும் பெருகியதால் பவுல் ஆட்டங்களும் பெருகின. 2006ஆம் ஆண்டுப் பருவத்தில் 64 அணிகள் பவுல் ஆட்டங்களில் ஆடின. 2015இல் இது 80 அணிகளாக உயர்ந்தது. அப்போது எஃப்பிஎஸ் பிரிவில் இருந்த அணிகள் 128 மட்டுமே. அஃதாவது, எட்டில் ஐந்து அணிகளுக்கு இடம் இருந்தது. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பவுல் ஆட்டங்களைத் தானே உரிமை கொண்டு நடத்துகிறது. தகுதி பெற்ற அணிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதை அடுத்து, என்சிஏஏ 2016இல் புதிய பவுல் ஆட்டங்களுக்கு மூன்றாண்டுத் தடை விதித்தது.

## தகுதி விதிகள்

பருவத்திற்கு 11 ஆட்டங்கள் என்பது வழக்கமாக இருந்த காலத்தில், 6 வெற்றி என்பது 6-5 ஆகும். அதாவது வெற்றிகள் தோல்விகளை விட மிகுந்திருக்க வேண்டும் என்பதே நடைமுறையில் அதன் பொருள். 2006 முதல் 12ஆவது ஆட்டம் நிலையாக அனுமதிக்கப்பட்டது. 6 வெற்றி என்ற எண் மாறவில்லை. ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது: 6-6 என்ற சமநிலைக் கணக்கும் தகுதியாயிற்று. முதலில், கூட்டமைப்பு ஒப்பந்தங்களால் நிரம்பாத இடங்களுக்கு 7 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகள் பெற்ற அணிகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. 2010இல் அந்த முன்னுரிமையும் நீக்கப்பட்டது.

எஃப்சிஎஸ் அணிக்கு எதிரான வெற்றிகளுள் ஆண்டுக்கு ஒன்றை மட்டும், அந்த எதிரணி குறித்த அளவு உதவித்தொகைகளை வழங்குவதாக இருப்பின், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எனவே 6-6 என முடித்த ஓர் அணி தன் உட்பிரிவு அணிகளுக்கு எதிராக 5-6 என்ற கணக்கை மட்டுமே கொண்டிருக்கலாம்.

தகுதி பெற்ற அணிகள் போதாமற்போனால் யாரை அழைப்பது என்பதற்கு 2012இல் ஒரு வரிசை வகுக்கப்பட்டது. கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் தோற்றதால் 6-7 ஆன அணிகள், கீழ்ப் பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு மாறிக்கொண்டிருக்கும் அணிகள் முதலியவை இவ்வரிசையில் முன்னும், 5-7 அணிகள் இறுதியிலும் வருகின்றன. 5-7 அணிகளுக்கிடையே தெரிவு செய்ய விளையாட்டுத் திறன் அளவுகோலாகக் கொள்ளப்படுவதில்லை. மாறாக, கல்வி முன்னேற்ற வீதம் எனப்படும், வீரர்களின் படிப்புத் தொடர்ச்சியை 1000 புள்ளிகளுக்கு மதிப்பிடும் அளவு பயன்படுத்தப்படுகிறது.

## ஆறு வெற்றி என்பதன் கணிதம்

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதால், தமக்குள் மட்டும் ஆடும் அணிகளின் சராசரி எப்போதும் பாதி வெற்றி, பாதி தோல்வியாகவே அமையும். 12 ஆட்டங்களில் அந்தச் சராசரி 6 ஆகும். ஆகவே 6 வெற்றி என்பது சராசரிக்கு மேற்பட்ட அணிகளைப் பிரித்தெடுக்கும் கோடு அன்று. அது சராசரியின் மேலேயே வரையப்பட்ட கோடு.

எல்லா அணிகளும் சம பலம் கொண்டவை என்றும், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் நாணயம் சுண்டுவதை ஒத்தது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஓர் அணி 12இல் 6 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 61 விழுக்காடு. 7 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 39 விழுக்காடு. சரியாக 6 வெல்வதற்கான நிகழ்தகவு மட்டும் ஏறத்தாழ 23 விழுக்காடு. பன்னிரண்டில் ஓர் ஆட்டம் உறுதியாக வெல்லத்தக்க எஃப்சிஎஸ் அணிக்கு எதிரானது எனக் கொண்டால், 6 வெற்றி பெறுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 73 விழுக்காடாக உயர்கிறது.

உண்மையில் அணிகளின் பலம் சமமன்று. வலிய அணிகள் பத்துக்கு மேல் வென்று, மெலிந்த அணிகளைப் பள்ளத்தில் தள்ளுவதால் நடைமுறை எண்ணிக்கை இதனின்றும் வேறுபடும். ஆயினும், இக்கணக்கு ஒரு செய்தியைத் தெளிவாக்குகிறது. எல்லைக்கோட்டை 6இலிருந்து 7க்கு நகர்த்தினால் பவுல் ஆட்டங்களுள் பெரும் பங்கு நடைபெற இயலாது. 128 அணிகளுள் 39 விழுக்காடு என்பது ஏறத்தாழ 50 அணிகள், அதாவது 25 ஆட்டங்கள் மட்டுமே. எனவே, ஆட்டங்களின் எண்ணிக்கையும் தகுதிக் கோடும் ஒன்றையொன்று சார்ந்தவை. விமர்சகர்கள் சுட்டுவது இதனையே: அணிகளின் தரத்தைப் பார்த்து ஆட்டங்கள் உருவாக்கப்படவில்லை, உருவாகிவிட்ட ஆட்டங்களை நிரப்பும் அளவுக்குத் தரம் வரையறுக்கப்பட்டது.

## குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

### 2001: வடக்கு டெக்சஸ்

5-6 என்ற கணக்கில் இருந்த வடக்கு டெக்சஸ் அணி, சன் பெல்ட் கூட்டமைப்பின் வாகையர் என்ற முறையில் முதலாவது நியூ ஓர்லியன்ஸ் பவுலுக்கு அனுப்பப்பட்டது. அங்கு கொலராடோ ஸ்டேட் அணியிடம் 45-20 எனத் தோற்றது.

### 2011: யூசிஎல்ஏ - இலினாய்

பவுல் ஆட்டங்களின் தரம் பற்றிய விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இவ்வாட்டம். யூசிஎல்ஏ அணி கூட்டமைப்பின் வாகையர் ஆட்டத்தில் ஒரகன் அணியிடம் தோற்று 6-7 ஆகி, சிறப்பு விலக்குப் பெற்று வந்தது. இலினாய் அணி முதல் ஆறு ஆட்டங்களில் வென்று, அடுத்த ஆறிலும் தோற்று 6-6 ஆகி வந்தது. இரு அணிகளின் தலைமைப் பயிற்றுநர்களும் ஆட்டத்திற்கு முன்னரே பதவி நீக்கப்பட்டிருந்தனர். இரு பக்கமும் இடைக்காலப் பயிற்றுநர்களே வழிநடத்தினர். இலினாய் 20-14 என வென்றது. யூசிஎல்ஏ 6-8 என்ற கணக்கில் பருவத்தை முடித்தது.

### 2015: மூன்று 5-7 அணிகள்

80 இடங்களுக்கு 77 அணிகளே தகுதி பெற்றன. கல்வி முன்னேற்ற வீதத்தின் அடிப்படையில் நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹொசே ஸ்டேட் ஆகிய 5-7 அணிகள் அழைக்கப்பட்டன. மிசௌரி அணி தனக்குக் கிடைக்கக்கூடிய வாய்ப்பை வேண்டாமென விலக்கிக்கொண்டது. அழைக்கப்பட்ட மூன்று அணிகளும் தத்தம் ஆட்டங்களில் வென்றன.

### 2020: நோய்த்தொற்றுக் காலம்

கோவிட்-19 பரவலால் பருவம் சுருங்கியபோது வெற்றி எண்ணிக்கை நிபந்தனை அவ்வாண்டுக்கு நீக்கப்பட்டது. 2-8 என்ற கணக்கில் இருந்த தென் கரொலைனா அணியும் அழைக்கப்பட்டது. அவ்வாட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 3-7 என்ற கணக்கில் வந்த மிசிசிப்பி ஸ்டேட் அணி டல்சா அணியை 28-26 என வென்றது.

### 2023: ஜேம்ஸ் மேடிசன்

எஃப்சிஎஸ் பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு மாறும் இடைக்காலத்தில் இருந்த ஜேம்ஸ் மேடிசன் அணி 11-1 என்ற சிறப்பான கணக்கைக் கொண்டிருந்தும், மாறுதல் விதியின்படி தகுதியற்றதாகக் கருதப்பட்டது. 6-6 அணிகள் யாவும் இடம் பெற்றபின், இன்னும் இடங்கள் நிரம்பாமல் இருந்த காரணத்தால் மட்டுமே அதற்கு அழைப்புக் கிடைத்தது. 'தகுதி' என்ற சொல் ஆட்டத்திறனை மட்டும் குறிப்பதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

### 5-7 அணிகளின் பவுல் முடிவுகள் (2015-2024 பருவங்கள்)

| பருவம் | அணி | எதிரணி | முடிவு |
|---|---|---|---|
| 2015 | நெப்ராஸ்கா | யூசிஎல்ஏ | வெற்றி 37-29 |
| 2015 | மினசோட்டா | சென்ட்ரல் மிச்சிகன் | வெற்றி 21-14 |
| 2015 | சான் ஹொசே ஸ்டேட் | ஜார்ஜியா ஸ்டேட் | வெற்றி 27-16 |
| 2016 | மிசிசிப்பி ஸ்டேட் | மயாமி (ஒகையோ) | வெற்றி 17-16 |
| 2016 | வடக்கு டெக்சஸ் | ஆர்மி | தோல்வி 31-38 |
| 2021 | ரட்கர்ஸ் | வேக் ஃபாரஸ்ட் | தோல்வி 10-38 |
| 2022 | ரைஸ் | சதர்ன் மிசிசிப்பி | தோல்வி 24-38 |
| 2023 | மினசோட்டா | போலிங் கிரீன் | வெற்றி 30-24 |
| 2024 | லூசியானா டெக் | ஆர்மி | தோல்வி 6-27 |

இவற்றுள் 2021இல் ரட்கர்ஸ், 2024இல் லூசியானா டெக் ஆகியவை, முதலில் அழைக்கப்பட்ட அணிகள் விலகியதால் மாற்று அணிகளாகச் சேர்க்கப்பட்டவை. ஒன்பதில் ஐந்து ஆட்டங்களில் 5-7 அணிகள் வென்றுள்ளன. இவ்வெற்றிகளைக் கொண்டு 5-7 அணிகளும் தகுதியானவையே என்று சிலர் வாதிடுவர். எதிரணிகளும் பெரும்பாலும் அதே நடுத்தர நிலையின என்பதையே இது காட்டுகிறது என்பர் வேறு சிலர்.

## எதிர் வாதங்கள்

பரிசின் மதிப்புக் குறைதல். பத்து வெற்றி பெற்ற அணிக்கும் ஆறு வெற்றி பெற்ற அணிக்கும் ஒரே வகையான பெருமை கிடைக்குமானால், பருவம் முழுவதும் உழைத்துப் பெறும் வெற்றிகளின் மதிப்புக் குறைகிறது என்பது முதன்மையான எதிர் வாதம். 1973ஆம் ஆண்டு மிச்சிகன் அணியோடு 2015ஆம் ஆண்டு 5-7 அணிகளை ஒப்பிட்டால் இவ்வாதத்தின் வலிமை புலப்படும்.

பண இழப்பு. பவுல் ஆட்டத்திற்குச் செல்லும் பல்கலைக்கழகம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நுழைவுச்சீட்டுகளை விற்றுத்தரப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். விற்காதவற்றின் விலையைத் தானே ஏற்க நேரிடும். அணியினர், இசைக்குழுவினர், அலுவலர் ஆகியோரின் பயணச் செலவும் உண்டு. 2011 சனவரியில் ஃபியஸ்டா பவுலில் ஆடிய கனெடிகட் பல்கலைக்கழகம் 17,500 நுழைவுச்சீட்டுகளுக்குப் பொறுப்பேற்று, அவற்றுள் சிறு பகுதியையே விற்க முடிந்தது. கூட்டமைப்பிலிருந்து கிடைத்த தொகையைக் கழித்தபின்னரும் அதற்கு 10 இலட்சம் டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. கனெடிகட் தன் கூட்டமைப்பின் வாகையர் அணி. ஆட்டமோ புகழ்பெற்ற ஒன்று. அத்தகைய நிலையிலேயே இழப்பு என்றால், சிறிய ஆட்டங்களுக்குச் செல்லும் சிறிய கல்லூரிகளின் நிலை குறித்த ஐயம் எழுவது இயல்பு. இத்தகைய இழப்புகளை மாணவர் கட்டணங்களாலும் பொதுநிதியாலும் ஈடுசெய்யும் கல்லூரிகளில், இது விளையாட்டு சார்ந்த கேள்வி மட்டுமாக இருப்பதில்லை.

ஆதாயம் யாருக்கு? பவுல் ஆட்டத்திற்குத் தகுதி பெற்றால் பயிற்றுநர்களுக்கும் விளையாட்டு இயக்குநர்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கும் ஒப்பந்தங்கள் பரவலாக உள்ளன. வீரர்களுக்கோ நெடுங்காலம், பவுல் அமைப்புக்குழு தரும் 550 டாலர் மதிப்புக்கு மேற்படாத அன்பளிப்புப் பொருட்களே கிடைத்தன. 2021இல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்ட அனுமதிக்கப்பட்ட பின்னரும், 2025இல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க வழி பிறந்த பின்னரும் இந்நிலை மாறி வருகிறது.

காயங்கள். பரிசுக்குரிய பொருள் ஏதுமற்ற ஆட்டத்தில் வீரரின் எதிர்காலம் பணயம் வைக்கப்படுகிறது என்பதும் ஒரு வாதம். 2016 சனவரியில் ஃபியஸ்டா பவுலில் நோட்டர் டேம் வீரர் ஜெய்லன் ஸ்மித் முழங்காலில் கடுங்காயமுற்றார். அவ்வாண்டு இறுதியில் லெனர்டு ஃபூர்னெட், கிறிஸ்டியன் மக்காஃப்ரி ஆகிய முன்னணி வீரர்கள், தொழில்முறை வாழ்வைக் கருதித் தம் அணிகளின் பவுல் ஆட்டங்களிலிருந்து விலகினர். அதன்பின் இவ்வழக்கம் பரவியது.

## ஆதரவு வாதங்கள்

வீரர்களின் கடைசி ஆட்டம். கல்லூரிக் காற்பந்தாட்ட வீரர்களுள் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்கின்றனர். இறுதியாண்டு மாணவர் பலருக்குப் பவுல் ஆட்டமே வாழ்வின் கடைசிப் போட்டி. அதில் ஆடுவதால் பிறர் யாருக்கும் தீங்கில்லை என்பர் ஆதரவாளர்.

கூடுதல் பயிற்சி. பவுல் ஆட்டத்திற்கு அழைக்கப்பட்ட அணிக்குத் திசம்பர் மாதத்தில் ஏறத்தாழ 15 பயிற்சி நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இளைய வீரர்களைத் தேர்ச்சி பெறச் செய்ய இவை பயன்படுகின்றன. நடுத்தர அணிகளுக்கு அழைப்பை மறுத்தால், வலிய அணிகளுக்கு மட்டும் இப்பயிற்சி கிடைத்து இடைவெளி மேலும் விரியும்.

மெலிந்த அணிகளின் எழுச்சி. 6-6 என்ற கணக்கு எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2008இல் 6-6 என முடித்து, 1982க்குப் பின் முதன்முறையாகப் பவுல் ஆட்டத்தில் ஆடியது. அதில் பாஸ்டன் காலேஜ் அணியை 16-14 என வென்றது. 1955க்குப் பின் அது பெற்ற முதல் பவுல் வெற்றி அதுவே. டியூக் பல்கலைக்கழகம் 2012இல் 6-6 என்ற கணக்குடன் 1994க்குப் பின் முதன்முறையாக அழைக்கப்பட்டது. ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த ஆண்டு 10 வெற்றிகளைப் பெற்றது. கன்சாஸ் பல்கலைக்கழகம் 2022இல் 6-6 என முடித்து 2008க்குப் பின் முதல் பவுல் ஆட்டத்தில் ஆடியது. மூன்று கூடுதல் நேரங்கள் வரை நீண்ட அவ்வாட்டத்தில் ஆர்கன்சா அணியிடம் 55-53 எனத் தோற்றது. புகழ்பெற்ற வரலாறு கொண்ட நெப்ராஸ்காவும் 2024இல் 6-6 என முடித்தே, எட்டாண்டுகளுக்குப் பின் பவுல் ஆட்டத்திற்குத் திரும்பி வென்றது. அதற்கு முந்தைய அதன் பவுல் வெற்றி, 2015இல் 5-7 அணியாகச் சென்று பெற்றதாகும்.

விரும்புவோர் உள்ளனர். சிறிய பவுல் ஆட்டங்களில் அரங்க இருக்கைகள் பல வெறுமையாக இருப்பினும், தொலைக்காட்சியில் அவற்றுள் பலவற்றைப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்க்கின்றனர். ஆட்டங்களை நிறுத்துவதால் நல்ல அணிகளுக்கு மேலும் எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பதால், பார்ப்போர் இருக்கும்வரை நடத்துவதில் தவறில்லை என்பது இவர்களின் நிலைப்பாடு.

## வாகையர் தொடருக்குப் பிந்திய நிலை

2014ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு அணிகள் கொண்ட தேசிய வாகையர் தொடர் தொடங்கியது. 2024 முதல் அது 12 அணிகளாக விரிவாக்கப்பட்டது. இதனால் தொடருக்கு வெளியே உள்ள பவுல் ஆட்டங்களின் மதிப்பு, நடுத்தர அணிகளுக்கு மட்டுமன்றி நல்ல அணிகளுக்கும் குறையத் தொடங்கியது. அணி மாற விரும்பும் வீரர்களும், வேறு கல்லூரிக்குச் செல்லும் பயிற்றுநர்களும் பவுல் ஆட்டத்திற்கு முன்னரே வெளியேறும் நிலையும் உருவானது. 2024இல் தன் கூட்டமைப்பின் வாகையர் ஆன மார்ஷல் அணி, பயிற்றுநர் மாற்றத்தை அடுத்து வீரர் பலர் வெளியேறியதால் இன்டிபென்டன்ஸ் பவுலிலிருந்து விலகியது. அதன் இடத்திற்கே 5-7 அணியான லூசியானா டெக் வந்தது.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் இப்போக்கு உச்சத்தை எட்டியது. வாகையர் தொடரில் இடம் பெறாத நோட்டர் டேம் அணி, 10-2 என்ற கணக்கில் இருந்தும் பவுல் அழைப்பை ஏற்கவில்லை. அயோவா ஸ்டேட், கன்சாஸ் ஸ்டேட் ஆகிய தகுதி பெற்ற அணிகளும் விலகின. அவற்றின் கூட்டமைப்பான பிக் 12, ஒவ்வொன்றுக்கும் 5 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. ஆபர்ன், புளோரிடா ஸ்டேட் உள்ளிட்ட 5-7 அணிகளும் மறுத்தன. மிசிசிப்பி ஸ்டேட், ரைஸ், அப்பலாச்சியன் ஸ்டேட் ஆகிய 5-7 அணிகள் ஏற்றுக்கொண்டன. நடுத்தர அணிகளுக்கு இடம் தரலாமா என்று கேட்கப்பட்ட காலம் போய், தரப்படும் இடத்தை யார் ஏற்பர் என்று கேட்க வேண்டிய நிலை அவ்வாண்டு ஏற்பட்டது.

## மதிப்பீடு

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் பவுல் ஆட்டம் என்பதை இருவேறு பொருளில் கொள்கின்றனர். அது ஒரு பரிசு எனக் கொண்டால், சராசரிக் கணக்குடைய அணி அதற்கு உரியதன்று. அது ஒரு காட்சி ஆட்டம் எனக் கொண்டால், அழைப்போரும் ஆடுவோரும் பார்ப்போரும் இசைந்தால் போதுமானது. வரலாறு இரண்டாவது பொருளுக்கே மிகுதியாகச் சான்று பகர்கிறது. சுற்றுலாவை வளர்க்கத் தொடங்கிய ஆட்டங்கள் இவை. அசோசியேட்டடு பிரசு நிறுவனத்தின் இறுதித் தரவரிசை 1960களின் நடுப்பகுதி வரை பொதுவாகப் பவுல் ஆட்டங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டது. வீரர்களின் பவுல் ஆட்டப் புள்ளிவிவரங்களை என்சிஏஏ தன் அலுவல்முறைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது 2002இல்தான்.

ஆனால் காட்சி ஆட்டம் என்று ஒப்புக்கொள்வதால் செலவு குறித்த கேள்வி மறைவதில்லை. விற்பனையாகாத நுழைவுச்சீட்டின் விலையைக் கல்லூரி ஏற்பதும், காயத்தின் விளைவை வீரர் ஏற்பதும், வருவாயை ஒளிபரப்பு நிறுவனமும் அமைப்புக்குழுவும் பெறுவதுமாக உள்ள நிலையில், 6-6 அணி தகுதியானதா என்பதைவிட, அவ்வணி ஆடுவதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பதே விடை காண வேண்டிய கேள்வியாக எஞ்சுகிறது.